சுருங்கிய இரைப்பையும் ரமலான் நோன்பும்

தில்லி ஜும்மா மசூதியில் ரமலான் மாத மாலைப் பொழுது ஒரு நொடியில் மாறிவிடும். மினாராக்களில் விளக்குகள் எரிந்ததும், அதுவரை முற்றத்து விரிப்புகளில் குடும்பம் குடும்பமாகக் காத்திருந்தவர்களின் கைகள் ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தை நோக்கி நீளும். அடுத்து, ரோஜா நிறச் சர்பத். அதற்கடுத்து பகோடா, பழக் கலவை, கபாப். பகல் முழுவதும் ஒரு துளி நீரும் அருந்தாதவர் இரு குவளை சர்பத்தை ஒரே மூச்சில் குடித்து முடிப்பதை அங்கு எவரும் வியப்புடன் பார்ப்பதில்லை.

அதே விரிப்பில், அந்த வேகத்தில் குடிக்க இயலாத ஒருவரும் அமர்ந்திருக்கக்கூடும். உடல் பருமனைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். அவருடைய இரைப்பை, அந்தக் குவளையில் பாதிக்கு மேல் கொள்ளாது. ஆனால், பார்ப்பவர்களுக்கு அவர் நோயாளியாகத் தோன்ற மாட்டார். சொல்லப்போனால், பல ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு ஆரோக்கியமானவராகவே தோன்றுவார். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நோயுற்றவருக்கு இஸ்லாம் நோன்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. இதை அறியாத முஸ்லிம் குடும்பம் இல்லை. ஆனால், எடை குறைந்து, சர்க்கரை நோயும் கட்டுக்குள் வந்து, படியேறினால் மூச்சு வாங்காமல் நடமாடும் ஒருவர் நோயாளியா, இல்லையா? இந்தக் கேள்வியை அவர் மருத்துவரிடம் கேட்பதில்லை. மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம். மருத்துவரும் அவரிடம் கேட்பதில்லை. மத விஷயத்தில் தலையிடுவானேன் என்ற தயக்கம். இரண்டு தயக்கங்களுக்கும் இடையே முப்பது நாள்கள் கழிகின்றன.

செல்வந்தர் சிகிச்சை என்ற நிலை மாறியது: ஒரு காலத்தில் திரையுலகினரும் பெரும் வணிகர்களும் மட்டுமே செய்துகொண்ட சிகிச்சையாக இது கருதப்பட்டது. 2011-இல் நிதின் கட்கரியும், 2014 செப்டம்பரில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லியும் இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டபோது தலைநகரின் அரசியல் வட்டாரத்தில் அது பரவலாகப் பேசப்பட்டது. இப்போது எய்ம்ஸ் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது. 18 வயது நிரம்பியவருக்கு உடல் நிறை குறியீட்டெண் 40-ஐ எட்டியிருந்தாலோ, கடுமையான இணை நோய்களுடன் 35-ஐ எட்டியிருந்தாலோ, மருத்துவரின் பரிந்துரைப்படி செய்யப்படும் இந்த அறுவை சிகிச்சையைக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலில் சேர்க்க முடியாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட வரையறைகளின் சாரம். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே இந்தக் குறியீட்டெண்.

தேவையும் பெருகி வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் பெண்களில் 24 சதவீதம் பேரும், ஆண்களில் ஏறத்தாழ 23 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது பருமன் உடையவர்கள். தில்லியில் பெண்களில் இந்த விகிதம் 41 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு முடிவுகள் 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 2025 பிப்ரவரி வானொலி உரையில் பிரதமர், சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைக்குமாறு கேட்டுக்கொண்டார். எண்ணெயைப் பற்றி இவ்வளவு பேசும் தலைநகர், கத்தி வைத்த பிறகு வீடு திரும்புபவரின் வாழ்நாள் பராமரிப்பைப் பற்றி ஏறக்குறைய பேசுவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 17.22 கோடிப் பேர். அறுவை சிகிச்சை பரவும்போது நோன்பு பற்றிய கேள்வியும் உடன் பரவுவது இயல்பு.

தண்ணீர்க் கணக்கு: இந்தியாவில் பெரிதும் செய்யப்படுபவை இரண்டு வகை. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் அதிகமான பகுதி வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது வாழைக்காய் வடிவக் குழாயாக ஆக்கப்படுகிறது. அது கொள்ளும் அளவு 100 முதல் 150 மில்லி லிட்டர். மற்றொன்றான பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. வழக்கமான பைபாஸில் அந்தப் பையின் கொள்ளளவு 30 மில்லி லிட்டர்தான், இரண்டு மேசைக்கரண்டி. நாளாக நாளாகச் சற்று விரியும் என்றாலும் பழைய அளவை ஒருபோதும் எட்டாது.

இவர்கள் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீர் அருந்த வேண்டும். ஆனால், மடக் மடக்கென்று குடிக்கலாகாது. வாய் வாயாக உறிஞ்ச வேண்டும். உணவுடன் சேர்த்தும் குடிக்கலாகாது. உணவு முடிந்து அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். சாதாரண நாளில் பதினாறு மணி நேர விழிப்பில் இது எளிது. கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும்.

நோன்பு நாளில் கணக்கு வேறு. 2025-இல் ரமலான் மார்ச் மாதத்தில் வந்தது. தில்லியில் அப்போது நோன்பு நேரம் சுமார் 13 மணி. இரவுக்கு மிஞ்சியது 11 மணி. அதில் உறக்கத்துக்கு ஐந்து மணி நேரத்தையும், இஷா, தராவீஹ் தொழுகைகளுக்கு ஒன்றரை மணி நேரத்தையும் கழிக்க வேண்டும். இஃப்தார் உணவு, இரவு உணவு, சஹர் உணவு ஆகியவற்றுக்கும், அவற்றுக்குப் பிந்தைய அரை மணி இடைவெளிகளுக்கும் ஆகும் நேரத்தையும் கழித்தால் எஞ்சுவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கால் மணிக்கு 100 மில்லி லிட்டர் வீதம் விடாமல் உறிஞ்சினாலும் ஒரு லிட்டரை எட்டுவதே பாடு. ஏதேனும் ஒரு வேளை உணவைக் கைவிட்டால் நீருக்கு நேரம் கிடைக்கும். ஆனால், புரதம் குறைந்துவிடும்.

இது மார்ச் மாதக் கணக்கு. 2016-இல் ரமலான் ஜூன் மாதத்தில் வந்தபோது தில்லியில் நோன்பு பதினைந்தரை மணி நேரம் நீடித்தது. ஜூன் மாதத் தில்லியின் அனல் காற்றை அனுபவித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நீர் குறைந்தால் முதலில் வருவது தலைச்சுற்றலும் மலச்சிக்கலும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் உருவாகும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம் என்பதால், நீரிழப்பு அதை மேலும் தூண்டிவிடும்.

இனிப்பு எனும் பொறி: ஜும்மா மசூதித் தெருக்களில் ஊற்றப்படும் சிவப்புச் சர்பத்தின் வரலாறு சுவையானது. 1906-இல் பழைய தில்லியில் ஹக்கீம் ஹாபிஸ் அப்துல் மஜீத் தொடங்கிய ஹம்தர்த் மருந்தகத்திலிருந்து, கோடை வெப்பத்தைத் தணிக்கும் மருந்துச் சர்பத்தாகப் பிறந்ததே 'ரூஹ் அஃப்ஸா'. ஒரு ஹக்கீமின் மருந்து, இன்னொரு மருத்துவரின் நோயாளிக்கு எதிரியாகியிருக்கிறது. காரணம் அதிலுள்ள சர்க்கரை.

இயல்பான இரைப்பையின் அடிவாயில் உள்ள தசைவளையம் உணவைச் சிறிது சிறிதாகவே குடலுக்குள் விடும். பைபாஸில் அந்த வாயிற்காவலன் இல்லை. வெறும் வயிற்றில் குடித்த சர்பத் அப்படியே சிறுகுடலில் கொட்டுகிறது. உடலின் நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வயிறு முறுக்குகிறது, கண் இருட்டுகிறது. இது முதல் தாக்குதல். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது வரக்கூடும். திடீரென ஏறிய சர்க்கரையைச் சமாளிக்க உடல் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்க, இரத்தச் சர்க்கரை சரிந்துவிடுகிறது. சரியாகத் தராவீஹ் தொழுகையில் நிற்கும் நேரம் அது. வரிசையில் நிற்பவர் தள்ளாடினால், நாள் முழுவதும் பட்டினி கிடந்த களைப்பு என்றே அருகில் நிற்பவர்கள் நினைப்பார்கள். இனிப்பாக ஏதேனும் குடிக்கக் கொடுத்து உபசரிப்பவர்களும் உண்டு! குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் சுருக்கியவர்களிடம் இது குறைவு. அறவே இல்லை என்று சொல்ல இயலாது.

ஒரு பேரீச்சம்பழத்துடன் நோன்பு திறப்பது பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. நன்கு மென்று விழுங்கிவிட்டு, சிறிது வெந்நீரோ மோரோ உறிஞ்சி, பிறகு முட்டை, கோழி இறைச்சி, பனீர், பருப்பு என்று புரதத்துக்கு வருவதே முறை. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம். தில்லிக்காரர்கள் விடியலுக்கு முன் விரும்பும் நிஹாரியின் எண்ணெய் மிதக்கும் குழம்பும், பாலில் ஊறவைத்து உண்ணும் பேணியும், கஜலாவும் இந்தக் கணக்கில் சேரா. தமிழகப் பள்ளிவாசல்களில் வழங்கப்படும் நோன்புக் கஞ்சி, பகோடாவைவிட சுருங்கிய இரைப்பைக்கு எவ்வளவோ இணக்கமானது. ஆனால், அரிசி மிகுந்த கஞ்சியால் வயிற்றை நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமிருக்காது.

மாத்திரைகள் எப்போது?: இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் துணை. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி, பல்சத்து மாத்திரை என்று பட்டியல் நீளும். இரும்பையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்தையும் இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்தே எடுக்க வேண்டும். பகல் முழுவதும் பரவியிருந்த இந்த அட்டவணையை இரவுக்குள் அடைக்க முடியாமல், 'ஒரு மாதம்தானே' என்று விட்டுவிடுபவர்களே அதிகம்.

அதைவிட ஆபத்தானது தலைவலி மாத்திரை. காலைத் தேநீர் இல்லாத முதல் சில நாள்களில் நோன்பாளிகள் பலருக்குத் தலை வலிக்கும். மாலையில் நோன்பு திறந்ததும் ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் போன்ற வலி நிவாரணியைப் போட்டுக்கொள்வது சாதாரணமாக நடப்பது. பைபாஸ் செய்தவருக்கு இவை விலக்கப்பட்டவை. இரைப்பையும் குடலும் இணைக்கப்பட்ட இடத்தில் புண் உண்டாகி, இரத்தக் கசிவு வரை அது செல்லக்கூடும். தேநீரை ரமலானுக்கு இரு வாரங்கள் முன்பிருந்தே படிப்படியாகக் குறைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ இன்னும் தொடர்பவர்களுக்கு எச்சரிக்கை இரட்டிப்பாகிறது. 13 நாடுகளில் 12,243 நோயாளிகளிடம் 2001-இல் நடத்தப்பட்ட ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாள்களாவது நோன்பு வைத்தது தெரியவந்தது. கடுமையான சர்க்கரைச் சரிவு அவர்களிடம் 7.5 மடங்கு உயர்ந்ததும் அதே ஆய்வில் பதிவானது. அறுவை சிகிச்சைக்கு உட்படாதவர்களும் அடங்கிய பொதுவான கணக்கு இது. எனினும், 'நோன்பு வைக்காதீர்கள்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டால் நோயாளி கேட்டுக்கொள்வார் என்று நம்பும் மருத்துவர்களுக்கு அந்த 79 சதவீதம் ஒரு பதில்.

மார்க்கம் என்ன சொல்கிறது?: நோயாளியும் பயணியும் விடுபட்ட நோன்புகளை வேறு நாள்களில் நோற்கலாம் என்பதும், நோற்க இயலாதவர் ஏழைக்கு உணவளித்து ஈடு செய்யலாம் என்பதும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலேயே கூறப்பட்டிருப்பவை. முதலாவதைத் தமிழக முஸ்லிம்கள் 'களா' என்பர், இரண்டாவது 'ஃபித்யா'. குணமடைய வாய்ப்பே இல்லாதவருக்குத்தான் ஃபித்யா. குணமடையக் கூடியவர் களா நோற்க வேண்டும் என்பதே உலமாக்களின் பொதுவான விளக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாவது வகையினர். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று அவர் கருத முடியாது. அதே நேரத்தில், இந்த ஆண்டு விட்டால் நோன்பு நிரந்தரமாகப் போய்விட்டது என்று கலங்கவும் தேவையில்லை.

நவீன மருத்துவத்தை மார்க்க அறிஞர்கள் புறக்கணித்துவிட்டனர் என்று கூறுவதற்கில்லை. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி, பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதும், ஊட்டச்சத்து அல்லாத ஊசி போடுவதும் நோன்பை முறிக்காது என்று 1997-இல் அறிவித்தது. 2009-இல் சர்க்கரை நோயாளிகளை ஆபத்தின் அளவைப் பொருத்து நான்கு பிரிவுகளாக வகுத்து, ஆபத்து மிகுந்தவர்கள் நோன்பு நோற்பது மார்க்கப்படியே கூடாது என்றும் கூறியது. மருத்துவரும் முஃப்தியும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை அது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி, மயக்கம் வரும்வரை பொறுத்திருப்பவர்கள் இன்னும் இருப்பதைப் பார்த்தால், அந்த வேலை ஜித்தாவிலிருந்து தெருக்கோடிப் பள்ளிவாசல் வரை வந்து சேரவில்லை என்றே தோன்றுகிறது.

பெண்களின் நிலை: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களில் பெண்களே அதிகம். நோன்பு வீட்டில் கடைசியாக உட்கார்ந்து உண்பவரும் பெண்தான். பகல் மூன்று மணிக்கே அடுப்பின் முன் நிற்கத் தொடங்கி, நோன்பு திறந்ததும் பரிமாறி, பாத்திரங்களை ஒதுக்கி, மறுபடியும் சஹருக்காக எல்லோருக்கும் முன் எழுபவருக்கு, மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கில் மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று கூற வேண்டியதில்லை. திருமணமாகிப் புகுந்த வீட்டில், அறுவை சிகிச்சை செய்துகொண்டதையே வெளியில் சொல்லாத பெண்களுக்கு, நோன்பை விடுவதற்குச் சொல்லக் காரணமே இல்லாமல் போகிறது. சிகிச்சையை ரகசியமாக வைத்தவர், நோன்பை விட்டால் ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்பதாலேயே நோன்பு பிடிக்கிறார். மருத்துவக் குறிப்பேடுகளில் இந்த நோய்க்குப் பெயர் இல்லை.

எப்போது தொடங்கலாம்?: முதல் சில வாரங்களில் நீராகாரம், பிறகு கூழ், பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாக நகரும் காலத்தில் நோன்பு அறவே கூடாது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதன் பிறகு ஆறு மாதங்கள் என்பாரும், ஓராண்டு என்பாரும் உள்ளனர். இது குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வளைகுடா நாடுகள், எகிப்து, துருக்கி ஆகியவற்றிலிருந்தே வருகின்றன. எடை நிலைபெற்று, வாந்தியின்றி, இரத்தப் பரிசோதனைகள் சீராக உள்ளவர்கள் உரிய கண்காணிப்புடன் நோன்பு நோற்கலாம் என்பதே அவற்றின் பொதுவான போக்கு. தொடர் வாந்தி இருப்பவர் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் துணியலாகாது. வைட்டமின் பி1 உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே சேமிப்பில் இருக்கும். அது தீர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும்.

சர்க்கரை நோய்க்கான சர்வதேச வழிகாட்டு நெறிகள், ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும் என்கின்றன. இரத்தச் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கினாலோ, 300-ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. சஃபான் மாதத்தில் திங்கள், வியாழக் கிழமைகளில் உபரி நோன்பு வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால், அதையே ஓர் ஒத்திகையாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் நோன்பில் தலைசுற்றுகிறதா, சிறுநீர் அடர்நிறமாகிறதா என்று பார்த்துவிட்டால் முப்பது நாளைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும். இன்னும் எளிய வழி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே நாள்காட்டியில் ரமலானைப் பார்ப்பது. உயிர்காக்கும் அவசர சிகிச்சை அல்ல என்பதால், ஓரிரு மாதங்கள் முன்பின் ஆவதில் தவறில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பதிலாக ஊசி மருந்தை நாடுவோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டிர்செபடைட் 2025 மார்ச்சில், ரமலான் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியச் சந்தைக்கு வந்தது. எடைக் குறைப்புக்கான செமாகுளுடைட் அதே ஆண்டு ஜூனில் வந்தது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் இம்மருந்துகள் குமட்டலையும் வாந்தியையும் தரக்கூடும். நோன்புக்கு நடுவில் மருந்தின் அளவை உயர்த்தினால் நீரிழப்பு ஏற்படும் என்று எச்சரிக்கப்படுகிறது.

இந்தக் கேள்வி முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. கர்வா சௌத் அன்று நிலவு தெரியும் வரை நீரும் அருந்தாத தில்லிப் பெண்களும், நிர்ஜலா ஏகாதசி விரதத்தினரும், பர்யூஷண் காலத்தில் நாள்கணக்கில் உபவாசம் இருக்கும் ஜைனர்களும் இதே அறுவை சிகிச்சை மேசைகளில்தான் படுக்கின்றனர். அவர்களில் கர்வா சௌத் ஒரு நாளோடு முடிகிறது. ரமலான் ஒரு மாதம்.

வீடு திரும்பும் நோயாளியிடம் தரப்படும் உணவு அட்டவணையில் காலை எட்டு மணி, பதினொரு மணி, பகல் ஒரு மணி என்று நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அதன் பின்பக்கத்தில் இஃப்தார், சஹர் நேரங்களுக்கு ஏற்ற இன்னொரு அட்டவணையை அச்சிட அதிகச் செலவாகாது.

சந்திர நாள்காட்டிப்படி ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள்கள் முன்னோக்கி நகர்கிறது. கோடையிலிருந்து விலகி, இப்போது அது குளிர்காலத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. 2030-இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் இறுதியில் தொடங்கும் மற்றொன்று என்று ஒரே ஆண்டில் இரண்டு ரமலான்கள் வரவுள்ளன. தில்லியில் அப்போது நோன்பு நேரம் சுமார் 12 மணியாக இருக்கும். ரமலான் எந்தப் பருவத்தில் வந்தாலும், விடுபட்ட நோன்புகளைக் களாவாக நோற்க அந்தக் குறுகிய டிசம்பர் பகல்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கவே செய்கின்றன.